அரிய தமிழ் நூல்களை வாங்க நூலகத்துக்கு நன்கொடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறிய ஆய்வு நூலகத்தில் பன்னிரண்டு வருடமாக நன்கொடைக் கணக்கு எழுதி வருகிறேன். சம்பளமில்லாத வேலை, விரும்பி எடுத்துக்கொண்டது. எங்காவது பழைய புத்தகம் விலைக்கு வருகிறது என்று தகவல் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதும் நான்தான். நன்கொடை கேட்டுப் போகிற வீடுகளில் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும், நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அரிய நூல் என்றால் என்ன? பழசாக இருந்தால் போதுமா?

போதாது. நூறு வருடத்துக்கு முந்தைய கம்பராமாயணம் பல வீடுகளில் கிடைக்கும். 1960-களில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அச்சிட்ட மலர் எங்குமே கிடைக்காமல் போகலாம். எத்தனை படிகள் மிஞ்சியிருக்கின்றன, அதில் இருப்பது வேறெங்கும் கிடைக்குமா என்று இரண்டையும் பார்த்துத்தான் ‘அரியது’ என்கிறோம்.

தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578-இல் கொல்லத்தில் அச்சானது, பதினாறே பக்கம். அதன் படி ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்று நம் ஊர்ப் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் என்று யாரும் காத்திருப்பதில்லை. எங்களைத் தேடி வருபவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவை.

அவற்றிலும் இலக்கியப் பெருநூல்களைவிட மலிவுப் பதிப்புகள்தாம் அருகிவிட்டன. குஜிலிப் பதிப்பு என்று சொல்வார்கள். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணா விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் இவை. ஊரில் நடந்த கொலை, ரயில் விபத்து, புயல், பஞ்சம், கள் குடியின் கேடு என்று எதற்கும் உடனே சிந்து எழுதி அச்சடித்துத் தெருவில் பாடி விற்றிருக்கிறார்கள். புறநானூற்றைப் பாதுகாக்க ஆள் இருந்தார்கள். இந்தப் பாட்டுப் புத்தகத்தில் கடலை மடித்தார்கள். அந்தக் காலத்துச் சாதாரண மக்கள் எதைப் பேசினார்கள், எதற்கு அழுதார்கள் என்று தெரிய வேண்டுமானால் இவற்றைத்தான் புரட்ட வேண்டும். சமையல், சித்த வைத்தியம், சோதிடம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை ஆகியவையும் இந்த வரிசையில் வருபவைதாம்.

இன்னொன்று, முதல் பதிப்பு. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் முதன்முதலாகப் பதிப்பித்தார். அடுத்தடுத்த பதிப்புகளில் புதிய ஏடுகளைப் பார்த்துத் திருத்திக்கொண்டே வந்தார். ஒரு பதிப்பாசிரியர் எங்கே தடுமாறினார், எங்கே தெளிந்தார் என்பதை எல்லாப் பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் காண முடியும். ‘அந்த நூல்தான் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே’ என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

புத்தகத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பல பழைய நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டு இருக்காது. ‘சர்வசித்து வருடம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வருவதால் அது 1887-ஆகவும் இருக்கலாம், 1947-ஆகவும் இருக்கலாம். அச்செழுத்தின் வடிவம், விலை அணாவில் போட்டிருக்கிறதா, அச்சுக்கூடத்தின் பெயர், காகிதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வருகிறோம். காகிதத்தைத் தொட்டாலே பாதி தெரிந்துவிடும். கந்தல் துணியை அரைத்துச் செய்த பழைய காகிதம் இன்றும் மடித்தால் மடங்கும். பிற்பாடு வந்த மலிவான மரக்கூழ்க் காகிதம் தனக்குள்ளேயே அமிலத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. ஓரம் பழுத்து, தொட்டால் அப்பளம் மாதிரி உடையும். அதனால் 1850-இல் அச்சான நூல் நன்றாக இருக்க, 1920-இல் அச்சானது தூளாகிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே? காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

யாரோ ஒரு படியைப் பாதுகாத்து வைத்திருந்ததால்தான் அது இணையத்துக்கு வந்தது. கிடைக்காத புத்தகத்தை வருட (ஸ்கேன் செய்ய) முடியாது. வருடியதிலும் சில பக்கங்கள் விடுபட்டிருக்கும், ஓரத்தில் எழுதிய குறிப்பு வெட்டுப்பட்டிருக்கும், விளம்பரப் பக்கத்தை வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார்கள். நாங்கள் வாங்கும் நூல்களையும் வருடி வைக்கிறோம். காப்புரிமை முடிந்தவற்றை எல்லோரும் படிக்கத் தருகிறோம். மூலத்தையும் வைத்துக்கொள்கிறோம்.

ஒரு படி ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குத் தெரியாததா? 1981-இல் மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றில் மறுபடி வாங்கவே முடியாதவை இருந்தன. அதனால் ஒரு நூல் வேறு நூலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலும், உலகில் இரண்டு மூன்று படிகள்தாம் மிஞ்சியிருக்கின்றன என்றால் இன்னொரு படியை வாங்கச் சொல்லி நான் வாதாடுவேன்.

இதை அரசு செய்ய வேண்டியதல்லவா?

செய்கிறது, ஓரளவுக்கு. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் நான்கு நூலகங்களுக்குத் தலா ஒரு படி போக வேண்டும். சென்னைக் கன்னிமாரா அவற்றில் ஒன்று. அதற்கு முன் 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூல்களைப் பதிவு செய்தார்கள். அதன் பயனாகப் பல பழைய தமிழ் நூல்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் சில தலைப்புகளுக்கு நம் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்துக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி பொது நூலகங்களை நடத்துவதற்கும் புதுப் புத்தகம் வாங்குவதற்கும் போகிறது. ஒரு வீட்டுப் பரணிலிருந்து பில் இல்லாமல், அச்சிட்ட விலை இரண்டணா என்று இறங்கி வரும் புத்தகத்தை வாங்க அந்த நடைமுறை ஏற்றதல்ல. பேசி, விலை சொல்லி, அன்றைக்கே பணம் கொடுத்து எடுத்துவர வேண்டும். நன்கொடைப் பணத்தால்தான் அது முடியும்.

பணம் இப்போதே எதற்கு? புத்தகம் வந்ததும் சொல்லுங்கள், தருகிறேன்.

நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் நான் மிகவும் வருந்தும் பதில் இதுதான். ஏன் என்று ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் புரியும்.

சில வருடங்களுக்கு முன் தென்மாவட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் காலமானார். காரியம் எல்லாம் முடிந்தபின் ஒரு புதன்கிழமை அவர் மகள் போன் செய்தார். “அண்ணே, அப்பா புஸ்தகமெல்லாம் நாலு பீரோ இருக்கு. வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்தீங்கன்னா நல்லாருக்கும்.” எங்கள் கணக்கில் அப்போது வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் வைத்திருந்த பணம் மட்டுமே. நான்கைந்து பேரிடம் பேசினோம். எல்லோரும் தருவதாகச் சொன்னார்கள். பணம் வந்து சேர வெள்ளிக்கிழமை இரவு ஆகிவிட்டது. சனிக்கிழமை காலையில் போய் இறங்கினால் வாசலில் தராசு தொங்குகிறது.

சொந்தக்காரர் ஒருவர் அவசரப்பட்டுப் பழைய பேப்பர் வாங்கும் ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று பீரோ முந்தின நாளே வண்டியில் போய்விட்டது. மிச்சத்தைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த கட்டுக்குள் பாட்டுப் புத்தகங்கள், எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் என்று முப்பது நாற்பதை அந்த ஆசிரியர் ஒன்றாகத் தைத்து வைத்திருந்தார். கயிறு அழுத்திய இடத்தில் அத்தனை இதழும் இரண்டாக ஒடிந்திருந்தன. திண்ணையில் பழுப்பு நிறத்தில் துகள். அதைக் குனிந்து பொறுக்கினேன். ஒரு துண்டில் ‘பெண்கள் கும்மி’ என்பது வரைக்கும் இருந்தது. எந்தப் பெண்கள், என்ன கும்மி என்பது கீழே விழுந்த துகளில் எங்கோ கிடந்தது.

மூன்று கட்டுகளை மீட்டு வந்தோம். ஆசிரியரின் மகள் இன்றும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், அவர் மேல் தவறே இல்லை. புதன்கிழமையே எங்கள் கையில் பணம் இருந்திருந்தால் இரவு பஸ்ஸைப் பிடித்திருப்பேன். அதனால்தான் புத்தகம் வருவதற்கு முன்பே தாருங்கள் என்று கேட்கிறேன். வங்கியில் காத்திருக்கும் பணம் மட்டுமே பரணிலிருந்து இறங்கும் புத்தகத்தைப் பிடிக்கிறது.

ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் எதற்குப் பயன்படும்?

ஒரு சிறு நூலுக்குப் பாதுகாப்புப் பெட்டி செய்யலாம், ஒரு ஊருக்குப் போய்வரும் பஸ் செலவு ஆகும், சில நேரம் ஒரு புத்தகத்தையே வாங்கிவிடலாம். தயங்காமல் கொடுங்கள்.

சிறு தொகைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1933-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் சோவியத் அரசிடமிருந்து சினாய் மலையின் கிரேக்க விவிலியச் சுவடியை வாங்கியது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விலை 1,00,000 பவுண்டு. உலகப் பொருளாதார மந்தத்தால் மக்கள் வேலையிழந்து திண்டாடிய சமயம் அது. அப்படியிருந்தும் ஏறத்தாழப் பாதித் தொகையைப் பொதுமக்களின் நன்கொடை தந்தது. மீதியை அரசு ஈடுகட்டியது.

ஒருவருடைய சேகரிப்பை அப்படியே மொத்தமாக வாங்குவது ஏன்? வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே?

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் ஓர் ஓவியர். சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். பல பத்தாண்டுகளாகத் தமிழில் அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், கடிதம் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் அளவுக்கு வந்தது. 1992-இல் அவர் காலமானார். குடும்பத்தார் சேகரிப்பைச் சிதற விடாமல் வைத்திருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. அங்கே பேராசிரியராக இருந்த ஏ.கே.ராமானுஜன் அதற்கு முயற்சி எடுத்தவர்களில் ஒருவர். வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994-இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இப்போது தரமணியில் இருக்கிறது, யாரும் போய்ப் படிக்கலாம்.

நூலகர் ஒருவர் வந்து ‘வேண்டியதை’ மட்டும் பொறுக்கியிருந்தால் என்ன எடுத்திருப்பார்? பழைய இலக்கியப் பதிப்புகளை எடுத்திருப்பார். அழைப்பிதழையும் நோட்டீஸையும் விட்டிருப்பார். தமிழ் நாடகத்தைப் பற்றியும் சினிமாவின் தொடக்க காலத்தைப் பற்றியும் ஆராய்பவர்கள் இன்று தேடிப் போவது அந்த நோட்டீஸ்களைத்தான். சேகரித்தவருக்கு ஒரு கண் இருந்திருக்கிறது. சேகரிப்பைக் கலைத்தால் அந்தக் கண் போய்விடும்.

இவ்வளவு பெரிய தொகைக்கு ஒரு நூலகம் எங்கே போகும்?

பல நூலகங்கள் ஒன்றுசேரலாம். 2021-இல் இங்கிலாந்தில் ஹான்ரெஸ்ஃபீல்டு என்ற குடும்பச் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. ஆங்கில எழுத்தாளர்களான பிரான்டி சகோதரிகளின் கையெழுத்துப் படிகளும் ஜேன் ஆஸ்டினின் கடிதங்களும் அதில் இருந்தன. 1931 முதல் இயங்கும் ‘தேசிய நூலகங்களின் நண்பர்கள்’ என்ற அமைப்பு ஏலத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி, 1.5 கோடி பவுண்டு திரட்டியது. பாதியை ஒரு செல்வந்தர் கொடுத்தார். வாங்கியதை நாடு முழுவதும் உள்ள நூலகங்களுக்கும் நினைவில்லங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். தமிழ் நூலகங்களும் ஒரு பொது நிதி வைத்துக்கொண்டு, எந்த நூல் யாரிடம் இல்லையோ அவர்களுக்கு என்று வாங்கினால் எவ்வளவோ மிஞ்சும். இரண்டு நூலகங்கள் ஒரே புத்தகத்துக்குப் போட்டி போட்டு விலையை ஏற்றிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

பேசித்தான். பழைய புத்தக வியாபாரி அடிமாட்டு விலைக்கு விற்கமாட்டார், விற்கவும் வேண்டாம். மழையிலும் வெயிலிலும் அலைந்து குப்பையிலிருந்து அந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியவர் அவர்தான். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோகும் வரை நம் பெரிய சேகரிப்பாளர்கள் பலருக்கும் புத்தகம் கொடுத்தவர்கள் அந்தக் கடைக்காரர்கள். குடும்பத்தாரிடம் வாங்கும்போது விவரம் தெரியாதவர்களிடம் குறைத்துக் கேட்கக் கூடாது என்பதை எங்கள் நூலகத்தில் விதியாகவே வைத்திருக்கிறோம். பக்கம் முழுமையாக இருக்கிறதா, முகப்பு இருக்கிறதா, வேறு நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்து இரண்டு பேர் தனித்தனியே விலை எழுதி, அதன்பின் பேசுகிறோம்.

நூலக முத்திரை உள்ள புத்தகம் வந்தால் வாங்குவதில்லை. கழித்துக் கட்டியது என்பதற்குச் சான்று இருந்தால் மட்டும் பேசுவோம். முத்திரை இருந்த இடத்தைச் சுரண்டியிருந்தால் சம்பந்தப்பட்ட நூலகத்துக்குத் தகவல் சொல்கிறோம்.

இந்தப் புத்தகத்துக்கு மட்டும் என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அந்தப் புத்தகம் கிடைக்காமல் போனால் பணத்தை வேறு நூலுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் தொட முடியாமல் கிடக்கும் தொகை எங்கள் கணக்கிலேயே இருக்கிறது.

வாங்கிய பிறகும் செலவு இருக்கிறதா?

நிறைய. வந்த புத்தகத்தை நேரே அலமாரியில் வைத்தால் அதிலிருக்கும் பூச்சி மற்றவற்றுக்கும் பரவும். சில வாரம் தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். தூசி தட்ட மென்மையான தூரிகை, கிழிந்த இடத்தில் ஒட்ட ஜப்பானிய மெல்லிழைத் தாளும் மாவுப் பசையும், அமிலம் நீக்கும் வேலை, அமிலமில்லாத அட்டைப்பெட்டி, வருடுதல், பட்டியலிடுதல் என்று போகும். ஓலைச்சுவடி என்றால் தூசி துடைத்துப் புல்தைலம் பூச வேண்டும். பட்டியலில் ஏறாத புத்தகம் தொலைந்த புத்தகம்தான், ஆய்வாளர் அதைக் கேட்கவே மாட்டார். நல்ல பட்டியலாளருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கும் நன்கொடையாளர் எங்களுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பவருக்குச் சமம்.

வருமான வரிச் சலுகை கிடைக்குமா?

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஜி பிரிவில் பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் பொதுவாகத் தொகையில் பாதிக்கு, வருமானத்தைப் பொறுத்த வரம்புக்குள், விலக்கு கிடைக்கும். 2026 ஏப்ரல் முதல் அதற்குப் பதிலான புதிய சட்டத்தில் பிரிவு எண் வேறு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. ‘புதிய வரி முறை’யைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. பணத்துக்குப் பதில் புத்தகமாகக் கொடுத்தால் எவ்வளவு மதிப்புள்ளதானாலும் விலக்குக் கிடையாது. ரசீதோடு நிறுத்தாமல் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். எப்படி அனுப்புவது?

உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாக இருந்தால் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு உள்ள நூலகத்துக்கு மட்டுமே கொடுக்க முடியும். அதுவும் புதுதில்லி ஸ்டேட் வங்கியில் இதற்கென்று உள்ள கணக்குக்கு. பதிவு இல்லாத நூலகம் ‘பரவாயில்லை, அனுப்புங்கள்’ என்று சொன்னால் அனுப்பாதீர்கள். அவர்களுக்குத்தான் சிக்கல் வரும்.

பணம் இல்லை, தாத்தாவின் புத்தகங்கள் இருக்கின்றன. தரலாமா?

தாருங்கள். ஆனால் எந்த நூலகத்துக்கு எது பொருந்தும் என்று முதலில் பேசுங்கள். பழைய சைவ நூல்கள் ஓர் இடத்துக்கு, பழைய பத்திரிகைகள் இன்னோர் இடத்துக்குப் பொருந்தும். புதுக்கோட்டை ஞானாலயா நூலகம் முதல் பதிப்புகளுக்குப் பெயர் பெற்றது. 1943-இல் தொடங்கி, இப்போது சென்னை பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூலகத்தில் சுவடிகளைப் பாதுகாக்கும் அனுபவம் உண்டு. இரண்டாவது படியாகிவிட்டால் வேறு நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். வாங்கி வைத்து மூட்டையைப் பிரிக்காமலே விட்டுவிடும் இடங்களும் உண்டு. கொடுத்த ஆறு மாதம் கழித்து ஒரு நடை போய்ப் பாருங்கள், பட்டியலில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள்.

யாராவது வந்து பார்க்கும் வரை வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

கட்டைப் பிரிக்க வேண்டாம். வெயிலில் காய வைக்க வேண்டாம். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், அந்தப் பசை காகிதத்தில் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. இராமபாணப் பூச்சி துளைத்தது தெரிந்தால் அதை மட்டும் தனிப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். உதிர்ந்த துண்டுகளைப் பெருக்கித் தள்ளாமல் ஒரு உறையில் போடுங்கள். அலமாரி இருக்கிறபடியே நான்கு படம், புத்தக முகப்புகளில் பத்துப் பதினைந்து படம், இவ்வளவு போதும், உங்களுக்கு நம்பிக்கையான நூலகத்துக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். வீடு காலி செய்யும் தேதி இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.